மாரிக்கு ஒதுங்கிய மரக்கலங்கள்

அல்ப்ஸ் மலைச்சாரலிலே பனிக்காலத்தைக் கழிக்க விரும்பும் ஐரோப்பியர் அதற்கான ஏற்பாடுகளைப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவர். எந்தச் சிற்றூரில் பனி நன்றாக உறைந்து கிடக்கும், எந்த வாரத்தில் மலைப்பாதை திறந்திருக்கும், எந்த விடுதியில் இடங்கிடைக்கும், சறுக்குக் கட்டைகளைக் கொண்டு போவதா அங்கேயே வாடகைக்கு எடுப்பதா என்றெல்லாம் கணக்குப் பார்ப்பர். கணக்குத் தவறினால் சில நாள் உல்லாசம் கெடும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதே ஐரோப்பியரின் மூதாதையர் ஏறக்குறைய 240 ஆண்டுகளுக்கு முன்னர், வங்காள விரிகுடாவிலே ஆண்டுதோறும் இதையொத்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தனர். ஐப்பசி பிறந்தால் எங்கே போவது? மாரியை எந்தத் துறையிற் கழிப்பது? எப்போது திரும்புவது? அக்கணக்குத் தவறியபோது கப்பல்கள் மூழ்கின, கோட்டைகள் பறிபோயின, ஒரு பெருநகரமே பட்டினியால் வாடியது. அக்கணக்குகளிற் பெரும்பாலானவற்றின் நடுவிலே இடம்பெற்றிருந்த துறை திருகோணமலை.

திருகோணமலையின் ஆண்டை இரண்டு பெருங்காற்றுகள் பங்கிட்டுக் கொள்கின்றன. வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும். அக்காற்றுத் தன் மழையை இலங்கையின் மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாகவே கிழக்குக் கரைக்கு வந்து சேரும். அக்காலத்தில் இப்பகுதிக் கடல் குளத்து நீர்போல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் நிலைமை தலைகீழாக மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று எழுகின்றது. கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் அலை உயர்ந்து, வானம் இருண்டு, மழை விடாது பெய்கிறது. ஆண்டு முழுவதற்கும் இப்பகுதி பெறும் மழையிற் பெரும்பங்கு இம்மாதங்களிலேயே கிடைக்கின்றது. விரிகுடாவிற் பிறக்கும் சூறாவளிகள் கரையைத் தாக்குவதும் பெரும்பாலும் இக்காலத்திலேதான்.

எதிரேயுள்ள சோழமண்டலக் கரையின் நிலை இதனினும் கொடிது. நாகப்பட்டினம், தரங்கம்பாடி, கடலூர், புதுச்சேரி, சென்னை, மசூலிப்பட்டினம் எனப் பெயர்பெற்ற பட்டினங்கள் வரிசையாக இருந்தன. ஆனால், பெருங்கப்பல் ஒதுங்கி நிற்கத்தக்க இயற்கைத் துறை அவற்றுள் ஒன்றிலேனும் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலே நங்கூரமிட்டு நிற்கும். நார்க்கயிற்றாற் பலகைகளைத் தைத்துச் செய்த மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டி ஆட்களையும் பொதிகளையும் இறக்குவர். வாடை தொடங்கிவிட்டால் அதுவும் இயலாது. சென்னையில் ஒக்டோபர் 15ஆம் நாள் கோட்டைக் கொடி இறக்கப்படும். டிசெம்பர் நடுப்பகுதி வரை மீண்டும் ஏற்றப்படுவதில்லை. கப்பல்கள் கரையைவிட்டு அகலவேண்டும் என்பதற்கு அதுவே அறிவிப்பு.

அகன்று எங்கே போவது என்பதுதான் கேள்வி. ஆங்கிலேயருக்கு மேற்குக் கரையிலே பம்பாய் இருந்தது. அங்கே கப்பலின் அடிப்புறத்தைச் செப்பனிட உலர்துறையும் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மொரீசியஸ் தீவு இருந்தது. இரண்டும் மிகத் தொலைவிலுள்ளவை. போய்த் திரும்புவதற்குள் ஆண்டின் பாதி கழிந்துவிடும். ஆனால் சோழமண்டலக் கரைக்கு எதிரே, சில நாட் பயணத் தொலைவில், எந்தக் காற்றுக்கும் அசையாத ஒரு துறை கிடந்தது.

கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலை கடலுக்குள் நீண்டு நிற்கின்றது. அதற்குத் தெற்கே, ஒஸ்தன்பேர்க் என்று ஒல்லாந்தர் பெயரிட்ட மேட்டைச் சுற்றி உள்ளே நுழைந்தால், குன்றுகள் சூழ்ந்த உட்துறைமுகம் விரிகின்றது. வெளியே கடல் கொந்தளிக்கும் நாளிலும் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். ஆழமோ மிகுதி. இன்னும் தெற்கே மகாவலி கங்கை வந்து கலக்கும் கொட்டியாரக் குடாவும், அதன் கரையில் மூதூரும் உள்ளன. குடிநீருக்குக் குறைவில்லை. சுற்றியுள்ள காட்டிலே மரத்துக்கும் குறைவில்லை. சிங்களத்தில் ஹல்மில்ல எனப்படும் மரம் வணிகர் வழக்கிலே ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர்பெற்றது. சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கும் அம்மரம் விரும்பி வாங்கப்பட்டது.

இவ்வளவு நலன்களிருந்தும் ஒரு பெருங்குறை இருந்தது. துறையைச் சூழ்ந்த நாடு அக்காலத்திற் பெரும்பாலும் காடு. தம்பலகாமத்து வயல்களில் விளைந்த நெல், கோயிலுக்கும் குடிகளுக்குமே உரியது. பல்லாயிரம் மாலுமிகளை மாதக்கணக்கில் வைத்துச் சோறிட அவ்வூரால் இயலாது. அடைக்கலம் தரவல்ல துறை அது. ஆனால் வந்தவர் தம் உணவைத் தாமே கொண்டு வந்தாக வேண்டும். இக்குறையை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

பண்டைத் தமிழர் இத்துறையை அறியாதவரல்லர். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலைப் பெருமானைப் பதிகம் பாடினார். நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, கோணமலைக் கோயிலுக்கு 250 வேலி நிலம் விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. போர்த்துக்கேயர் அக்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே 1624ஆம் ஆண்டளவிற் கோட்டை கட்டினர். கோட்டை வாயிலில் இன்றும் காணப்படும் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ்க் கல்வெட்டும் அக்கற்களின் பழைய வாழ்வைச் சொல்லாமற் சொல்கின்றன. 1639இல் ஒல்லாந்தர் வந்தனர். 1672இல் ஒரு பிரெஞ்சுப் படை சில மாதங்கள் நிலைகொள்ள முயன்று தோற்றது. கோட்டைகள் கைமாறிய கதை பலரும் அறிந்ததே. காற்று நடத்திய கதையோ அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

காற்றினால் இக்கரைக்குத் தள்ளப்பட்டோருள் மிகவும் புகழ்பெற்றவர் ரொபர்ட் நொக்ஸ். 1659ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் மசூலிப்பட்டினத்துக்கு எதிரே நங்கூரமிட்டு நின்றது. மாரிப்புயல் தாக்கியது. கப்பலைக் காக்கும்பொருட்டு நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. பாய்மரமிழந்த கப்பல் எங்கே போகும்? மரமும் பாதுகாப்பும் ஒருங்கே கிடைக்கும் இடமென்று கொட்டியாரக் குடாவுக்கே அனுப்பினர். அங்கே தங்கிப் புதுப் பாய்மரம் நிறுத்துவதோடு, சிறிது வாணிகமும் செய்துகொள்ளலாம் என்பது ஏற்பாடு. கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கன் வேறு ஏற்பாடு செய்தான். 1660ஆம் ஆண்டு ஏப்பிரலில், கப்பற் தலைவரான முதிய நொக்ஸும், அவருடைய மகனான இளைய நொக்ஸும், உடன் வந்தோர் சிலரும் மூதூர்ப் பகுதியிற் பிடிபட்டு மலைநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்து, 1679இல் மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டைக்குத் தப்பியோடினார். 1681இல் இலண்டனில் அச்சான அவருடைய நூல், அக்கால இலங்கை வாழ்க்கையை அறிய இன்றும் உதவுகின்றது. சில வாரத் தங்கலாகத் திட்டமிட்ட பயணம் இருபதாண்டுச் சிறைவாசமாக முடிந்ததும், அச்சிறைவாசம் ஓர் அரிய வரலாற்று நூலாக மலர்ந்ததும் மசூலிப்பட்டினத்துக் காற்றின் விளைவே.

நொக்ஸின் காலத்துக்குப் பின்னர் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதத் தொடங்கினர். மாரியின் கொடுமையை இருவரும் பட்டே அறிந்தனர். 1746இல் லாபூர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி சென்னையைக் கைப்பற்றினார். வெற்றியின் சூடு ஆறுமுன், அவ்வாண்டு ஒக்டோபரிலே சென்னைக்கு எதிரே நின்ற அவர் கப்பல்களைப் புயல் சிதறடித்தது. மனிதரிடம் தோற்காத படை காற்றிடம் தோற்றது. அடுத்த போரில் தாஷே பிரபு பிரெஞ்சுக் கப்பற்படைக்குத் தலைவராக வந்தார். அவர் எச்சரிக்கை மிக்கவர். மாரி நெருங்குமுன் மொரீசியசுக்குப் போய்விடுவார். 1759இன் இறுதியில் அவ்வாறு போனவர் திரும்பி வரவேயில்லை. புதுச்சேரியில் லாலி துணையின்றி நின்றார். 1761ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் வீசிய புயல், நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் சிலவற்றை அழித்தது. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்றேனும் அருகில் இல்லை. அம்மாதம் 16ஆம் நாள் புதுச்சேரி வீழ்ந்தது.

ஆகவே கரையில் நின்றாலும் அழிவு, நெடுந்தொலை சென்றாலும் அழிவு என்பது தெளிவாயிற்று. நடுவழி ஒன்று இருந்தது. அது திருகோணமலை வழியாகப் போயிற்று. ஆனால் துறை ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்கள் நடுநிலையில் இருந்தவரை பிறர் அங்கே உரிமையோடு புகமுடியவில்லை. ஒல்லாந்தரும் ஆங்கிலேயருக்கு எதிராகப் போரில் இறங்க நேர்ந்த பின்னரே அக்கதவு உடைந்தது. 1781 நவம்பரில் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடித்தனர். அங்கிருந்து கடற்படைத் தலைவர் சேர் எட்வர்ட் ஹியூஸ் திருகோணமலைக்கு வந்து, 1782 ஜனவரி 11ஆம் நாள் ஒஸ்தன்பேர்க் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினார்.

அடுத்த மாதமே மொரீசியசிலிருந்து பிரெஞ்சுக் கப்பற்படை சோழமண்டலக் கரைக்கு வந்து சேர்ந்தது. அதன் தலைவர் சுஃப்ரேன். பருத்த உடலும், ஆடையலங்காரத்திற் கவனமின்மையும், அடங்காத செயலூக்கமும் கொண்டவர் என்று அவரைக் கண்டவர் எழுதிவைத்தனர். பெப்ரவரி 17இல் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரிலும், ஏப்பிரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரைக்கு அப்பாலும், ஜூலை 6இல் நாகப்பட்டினத்துக்கு எதிரிலும் அவரும் ஹியூஸும் பொருதனர். மூன்றிலும் முற்றான வெற்றி எவருக்கும் கிட்டவில்லை. சுஃப்ரேனுக்கோ ஒதுங்க ஒரு துறையும் இல்லை. ஒடிந்த பாய்மரத்துக்கு மாற்று மரமும் இல்லை. கடலூர்க் கரையிலே நின்று, சிறு கப்பல்களின் மரங்களைக் கழற்றிப் பெருங்கப்பல்களில் நிறுத்தினார். நகரத்து வீடுகளின் மரங்களைக்கூடப் பிடுங்கிக்கொண்டார் என்பர். அவருடைய மேலிடத்தார் எதிர்பார்த்தது, மாரி வருமுன் அவர் மொரீசியசுக்குத் திரும்புவார் என்பதே. அவரோ கரையைவிட்டுப் போக மறுத்தார். அவ்வாண்டு மைசூர் மன்னர் ஹைதர் அலி பிரெஞ்சுக்காரருடன் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்த்துப் பொருதுகொண்டிருந்தார். தாஷே செய்ததுபோற் கப்பற்படை கண்மறைந்து போனால், ஹைதர் அலியின் நம்பிக்கையும் போய்விடும் என்பதைச் சுஃப்ரேன் நன்கு உணர்ந்திருந்தார்.

ஓகஸ்ட் மாதத்திலே அவர் செய்த செயல் காற்றின் போக்கை அறிந்தவர் செய்யத்தக்கது. கடலூரிலிருந்து புறப்பட்டுத் திருகோணமலையைக் கடந்து தெற்கே மட்டக்களப்புக்குச் சென்றார். அங்கே துணைக்கப்பல்கள் வந்து சேர்ந்தன. அது சோளகக் காலம். தெற்கேயிருந்து வடக்கே வருபவருக்குக் காற்றுத் துணை. வடக்கேயிருந்து தெற்கே வருபவருக்குக் காற்று எதிர். மட்டக்களப்பிலிருந்து காற்றோடு வந்த சுஃப்ரேன், ஓகஸ்ட் 25இல் திருகோணமலைக்கு முன்னர் நங்கூரமிட்டார். மறுநாள் இரவு படைகளை இறக்கினார். 30ஆம் நாள் நகரக் கோட்டையும், 31ஆம் நாள் ஒஸ்தன்பேர்க்கும் பணிந்தன. காவற்படையைச் சென்னைக்கு அனுப்பிவைப்பது முதலாக, பணிந்தோர் கேட்ட சலுகைகளையெல்லாம் அவர் தாராளமாக வழங்கினார். தாராளத்துக்குக் காரணம் இருந்தது: ஹியூஸ் வந்துகொண்டிருந்தார். சென்னையிலிருந்து எதிர்காற்றிற் போராடி ஊர்ந்துவந்த ஆங்கிலக் கப்பல்கள் செப்டெம்பர் 2ஆம் நாள் கண்ணுக்குத் தெரிந்தபோது, கோட்டையின்மீது பிரெஞ்சுக் கொடி பறந்தது. இரண்டே நாட் பிந்தியதால் ஹியூஸ் துறையை இழந்தார்.

மறுநாள் துறைக்கு வெளியே 14 பிரெஞ்சுக் கப்பல்களும் 12 ஆங்கிலக் கப்பல்களும் மோதின. சுஃப்ரேனின் தலைமைக்கப்பல் நடுப்பாய்மரத்தை இழந்தது. அவர் கட்டளையை மற்றக் கப்பற் தலைவர் பலர் சரிவர நிறைவேற்றவில்லை. வெற்றியின்றி இருதிறத்தாரும் பிரிந்தனர். அன்றிழந்ததைவிடப் பெரிய இழப்பு, நான்கு நாட்களின் பின் துறைக்குத் திரும்பும்போது நேர்ந்தது: ‘ஓரியந்த்’ என்ற 74 பீரங்கிக் கப்பல் துறைவாயிலருகே தரைதட்டி உடைந்தது. அடைக்கலத் துறையின் வாயிலிலே பாறைகள் இருப்பதை அது நினைவூட்டியது. 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் இத்துறையைப் பிடிக்க வந்தபோதும் ‘டயோமீட்’ என்ற அவர்களுடைய கப்பல் இங்கே பாறையில் மோதி மூழ்கியது.

செப்டெம்பர் கழிந்தது. இருவருக்கும் இப்போது அந்தப் பழைய கேள்வி எழுந்தது: மாரியை எங்கே கழிப்பது?

ஹியூஸின் கையில் இப்போது திருகோணமலை இல்லை. சென்னையிலே நிற்க முடியாது. பம்பாய்க்குப் போவதைத் தவிர வேறு வழியும் இல்லை. சென்னை அரசினர் அதனை விரும்பவில்லை. கரை காவலற்றுப் போகுமே என்று அஞ்சினர். விவாதத்தைக் காற்றே முடித்துவைத்தது. ஒக்டோபர் 15ஆம் நாள், கொடி இறங்கும் அதே நாளில், சென்னைக் கடலிற் பெரும்புயல் வீசியது. போர்க்கப்பல்கள் கடலுக்கு ஓடித் தப்பிச் சிதறின. அரிசி ஏற்றிவந்த தோணிகளும் மரக்கலங்களும் பெருந்தொகையாகக் கரையில் மோதி அழிந்தன. ஹைதர் அலியின் படையெடுப்பினாற் கருநாடகத்து வயல்கள் ஏற்கனவே பாழ்பட்டுக் கிடந்தன. கடல்வழி வந்த அரிசியையே சென்னை நம்பியிருந்தது. அதுவும் போகவே, நகரிற் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. தெருக்களிலே மக்கள் மாண்டனர். இரண்டு கப்பற்படைத் தலைவர்களின் பெயரைச் சொல்லும் நூல்கள் பலவும் அம்மக்களை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றன. சிதறிய ஆங்கிலக் கப்பல்கள், நோயுற்ற மாலுமிகளோடு ஆண்டிறுதியிலேதான் பம்பாயை அடைந்தன.

சுஃப்ரேனின் கையிலே திருகோணமலை இருந்தது. போராடிப் பெற்ற துறையிலேயே அவர் மாரியைக் கழிப்பார் என்று எவரும் எண்ணுவர். அவர் அவ்வாறு செய்யவில்லை. துறையிற் காவற்படையை நிறுத்திவிட்டுக் கடலூருக்குப் போனார். அங்கே மற்றொரு கப்பலையும் தரைதட்டி இழந்தார். ஒக்டோபர் 15ஆம் நாள், சென்னையிலே புயல் எழுந்த அதே நாளில், கிழக்கு நோக்கிச் சுமாத்திரா தீவின் அச்சேத் துறைக்குப் புறப்பட்டார். நவம்பர் தொடக்கத்தில் அங்கே நங்கூரமிட்டார்.

ஏன் அச்சே? முன்னர்ச் சொன்ன குறையே முதற் காரணம். திருகோணமலை கப்பலைக் காக்கும். மாலுமியின் வயிற்றைக் காக்காது. அச்சேயிலோ இறைச்சியும் பழமும் காய்கறியும் கிடைத்தன. நெடுநாள் உப்புணவு உண்டு பல்லீறு வீங்கிச் சாகும் மாலுமிகளுக்கு அவையே மருந்து. இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது. வாடைக்காலத்திற் காற்றும் கடலோட்டமும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. கரைக்குக் கிழக்கே இருப்பவர் விரும்பிய நாளிற் காற்றோடு திரும்பிவிடலாம். மேற்கே பம்பாயில் இருப்பவரோ இலங்கையைச் சுற்றி, எதிர்காற்றில் வடக்கே ஏறியாக வேண்டும். மாரியை எங்கே கழிப்பது என்பதைவிட, மாரி கழிந்ததும் எவர் முந்தித் திரும்புவார் என்பதையே சுஃப்ரேன் எண்ணினார். அக்காலத்துக் கடற்படைத் தலைவர்களுள் இவ்வளவு தொலைநோக்கோடு மாரித்தங்கலைத் திட்டமிட்டவர் வேறு எவரும் இருந்ததாகத் தெரியவில்லை.

டிசெம்பர் 20இல் அவர் அச்சேயை விட்டுப் புறப்பட்டார். ஜனவரியில் ஒரிசாவின் கஞ்சம் கரையிலே தோன்றினார். அங்கே பிடிபட்ட ஆங்கிலக் கப்பலின் வாயிலாகத்தான் ஹைதர் அலி டிசெம்பர் 7இல் இறந்துபோன செய்தியை அறிந்தார். காற்றோடு தெற்கே இறங்கி, 1783 பெப்ரவரி 23இல் திருகோணமலைக்கு வந்தார். மார்ச் 10இல் புஸ்ஸி தளபதி ஏறக்குறைய 2,500 போர்வீரரோடு அதே துறையில் வந்து சேர்ந்தார். சில நாட்களுக்குள் அப்படை கடலூர்ப் பகுதியில் இறக்கப்பட்டுவிட்டது. ஹியூஸ் பம்பாயிலிருந்து வந்து சென்னையை அடைந்தபோது ஏப்பிரல் நடுப்பகுதி ஆகியிருந்தது. மாரிக்கணக்கிலே சுஃப்ரேன் ஒரு மாதம் முந்திவிட்டார்.

ஜூன் 20இல் கடலூருக்கு எதிரே இறுதிப் போர் நடந்தது. ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரேனிடம் 15. எனினும் பின்வாங்கியவர் ஹியூஸே. கடலூரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலப் படை கடல்வழி உதவியிழந்து தவித்தது. ஆனால் ஐரோப்பாவிலே சமாதானப் பேச்சு முன்னரே முடிந்துவிட்டது. அச்செய்தி ஜூன் 29இல் வந்து எட்ட, வெற்றி பயனற்றுப் போயிற்று. 1784ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி திருகோணமலை மீண்டும் ஒல்லாந்தருக்கே போய்ச் சேர்ந்தது. நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுக்கவில்லை.

கற்ற பாடத்தை ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1795 ஓகஸ்டில் திருகோணமலையைப் பிடித்தவர்கள் பின்னர் 160 ஆண்டுகளுக்கு மேலாக அதை விட்டுவிலகவில்லை. நகரக் கோட்டைக்குத் தம் இளவரசர் பிரட்ரிக்கின் பெயரைச் சூட்டினர். கப்பற்றொழிற்சாலை அமைத்தனர். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் இளைய சகோதரரான சார்ள்ஸ் ஆஸ்டின், இக்கடற்பகுதியின் ஆங்கிலக் கடற்படைத் தலைவராக இருந்து 1852இல் பர்மாவிலே இறந்தார். அவருடைய கல்லறை திருகோணமலை நகரின் பழைய இடுகாட்டிலே உள்ளது. மெல்ல மெல்லக் காற்றின் ஆட்சி தளர்ந்தது. நீராவிக் கப்பல் வந்தது. சென்னையிலே செயற்கைத் துறைமுகம் கட்டத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டு நவம்பர்ப் புயல் அதனைச் சிதைத்தும், மீண்டும் கட்டி முடித்தனர். மாரிக்கு ஒதுங்கவேண்டிய தேவை குன்றியது. திருகோணமலையின் மதிப்பு வேறு காரணங்களுக்காக நிலைத்தது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் எழுந்தன. 1927இல் புகையிரதப் பாதை வந்தது. 1942 ஏப்பிரல் 9இல் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. 1957இல் ஆங்கிலேயக் கடற்படைத்தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நாளும் ஒக்டோபர் 15ஆக அமைந்தது தற்செயலே. ஆயினும் பழைய கப்பற்காரர் கேட்டால் புன்னகை செய்திருப்பர்.

கடற்படை போனபின் திருகோணமலைக்கு வருவோர் வேறு. உப்புவெளியின் வெண்மணலையும், நிலாவெளிக் கடற்கரையையும், பவளப்பாறை சூழ்ந்த புறாத்தீவையும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் நாடி வரும் விருந்தினர் அவர்கள். துறைவாயிலை ஒட்டியே கடலடியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்று கிடப்பதால், திமிங்கிலங்களும் கரைக்கு அண்மையில் வந்து போகின்றன. அவற்றைப் பார்க்கவும் பலர் வருகின்றனர். இவ்விருந்தினருக்கும் மாதக் கணக்கு உண்டு. ஆனால் அது பழைய கணக்கின் நேர்மாறு. கப்பற்படைகள் எந்த மாதங்களுக்காக இத்துறைமீது போர் தொடுத்தனவோ, அந்த ஐப்பசி முதல் தை வரையுள்ள மாதங்களில் விடுதிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. சோளகக் காலமே விருந்தினர் காலம்.

அல்ப்ஸ் மலைச் சிற்றூர்களிலும் ஒருகாலத்தில் இவ்வாறே ஆண்டின் பாதி வெறுமையாகக் கழிந்தது. சுவிற்சர்லாந்தின் சென் மொரிட்ஸ் என்னும் ஊருக்கு ஐரோப்பியர் கோடையில் மட்டுமே வந்துகொண்டிருந்தனர். 1864இல் அவ்வூர் விடுதிக்காரரான யோகன்னஸ் பட்ருட் என்பவர், கோடை முடிந்து புறப்படவிருந்த ஆங்கில விருந்தினர் சிலரிடம், பனிக்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பயணச் செலவை நானே தருகிறேன் என்று பந்தயம் கட்டியதாகச் சொல்வர். வந்தவர்கள் வெயிலும் பனியும் சேர்ந்து பளபளத்த மலையைக் கண்டு, வசந்தம் வரை தங்கிவிட்டனர். ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய கொனன் டொயில், 1894இல் டாவோஸ் ஊரிலிருந்து பனிச்சறுக்குக் கட்டைகளில் ஏறி ஒரு மலைக்கணவாயைக் கடந்தார். அவர் அதுபற்றி எழுதிய கட்டுரையும் அவ்விளையாட்டைப் பலருக்கு அறிமுகஞ் செய்தது. 1928இல் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகள் அதே சென் மொரிட்ஸ் நகரில் நடைபெற்றன. ஊரை மூடிவைத்த பனியே ஊருக்குச் செல்வமாயிற்று.

திருகோணமலைக்கு அத்தகைய பந்தயம் கட்டுவார் இல்லை. கட்டியிருந்தாலும் 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அதைக் கேட்டு வருவார் இருந்திரார். இடையே 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையும் இக்கரையைச் சூறையாடிற்று. போர் ஓய்ந்தபின் விருந்தினர் மீண்டும் வரத் தொடங்கினர். பங்குனியிலே கோணேசர் கோயில் மகோற்சவத்துக்கு அடியார்கள் திரளும்போது காற்று ஓய்ந்து, கடல் தணிந்துவிடுகிறது. சித்திரைக்குப் பிறகு வருவோர் நீராடலாம், தோணியேறலாம். இலங்கையின் தென்மேற்குக் கரையில் அலை உயரும்போது இங்கே கடல் அடங்குகின்றது. இங்கே உயரும்போது அங்கே அடங்குகின்றது. சிறிய தீவொன்றுக்கு இது பெரிய பேறு.

இக்கணக்கைப் பயண நூல்கள் எழுதத் தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே மீனவர் அறிந்திருந்தனர். சோளகம் எழுந்து மேற்குக் கடல் கொந்தளிக்கையில், நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து மீனவர் வலைகளோடும் வள்ளங்களோடும் கிழக்குக் கரைக்கு வருவர். கிடுகால் வாடி அமைத்து, கரைவலை இழுத்து, மீன் உலர்த்தி, சில மாதங்கள் தங்குவர். இடம் பிடிப்பது, உப்புச் சேர்ப்பது, கருவாடு வாங்கும் முதலாளியிடம் முன்பணம் பெறுவது ஆகிய ஏற்பாடுகளெல்லாம் பங்குனிக்குள்ளேயே முடிந்துவிடவேண்டும். புரட்டாசி கழிந்து, வடகிழக்கு அடிவானத்திலே முதற் கருமுகில் தலைகாட்டும் வேளையில் வாடிகள் பிரிக்கப்படும். உள்ளூர் மீனவர் தம் வள்ளங்களை அலையெட்டாத மேட்டுக்கு இழுத்து, தாழையோரமாகக் கவிழ்த்து வைப்பர். பெருங்கப்பல்கள் அதே வேளையில் ஒஸ்தன்பேர்க் மேட்டைச் சுற்றி உள்ளே நுழைந்த காலம் ஒன்று இருந்தது.